ஆசிரியரின் மீதி 28 மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

"வாத்தியாருக்கென்ன, மதியத்தோடு வேலை முடிந்தது, டிசம்பர் முழுக்க லீவு" என்று பேசுபவர்கள் நம் காப்பிக்கடைகளில் இன்னும் இருக்கிறார்கள். பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பான ஓஈசிடி பல நாட்டு ஆசிரியர்களிடம் நடத்திய 2018ஆம் ஆண்டு டாலிஸ் ஆய்வில், சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்கள் வாரத்தில் சுமார் 46 மணி நேரம் உழைப்பதாகச் சொன்னார்கள். அதில் பாடம் நடத்துவது ஏறக்குறைய 18 மணி நேரம். மீதி 28 மணி நேரம் எங்கே போகிறது? அங்கேதான் மனஅழுத்தம் விளைகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்தும். சம்பளமும் அலுவலக விதிகளும் மோசமானால் மனம் கசக்கும். ஆனால் அவை சீரானால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது. செய்த வேலைக்குப் பலன் கண்ணில் படவேண்டும் என்றார். அவர் பேட்டி கண்டது பொறியாளர்களையும் கணக்காளர்களையும்தான். ஆசிரியருக்கு இது இன்னும் பொருந்தும் என்பது என் கட்சி.

தாள் திருத்துவதையே எடுத்துக்கொள்வோம். 40 கட்டுரை, ஒன்றுக்கு 8 நிமிடம் என்றால் 5 மணி 20 நிமிடம். "பள்ளிக்கு சென்றேன்" என்று பிள்ளை எழுதியிருக்கும். ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு 'ச்' போடுவார். அடுத்த வரியில் றகரம் ரகரமாகியிருக்கும், அதையும் வட்டமிடுவார். பிள்ளை திருத்தம் எழுதும். அந்தத் திருத்தத்தையும் ஆசிரியர் திருத்துவார். அடுத்த கட்டுரையில் மறுபடியும் "பள்ளிக்கு சென்றேன்"! பலன் எங்கே தெரிந்தது? வேலை மிகுதியைவிட இதுதான் ஆளைச் சோர வைக்கிறது.

வழி இருக்கிறது. எழுத வைக்கும் முன்பே எந்த இரண்டு அம்சங்களை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள்: வல்லினம் மிகுதல், பத்தி பிரித்தல் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தியில் எல்லாப் பிழையையும் பாருங்கள். மற்றப் பத்திகளில் அந்த இரண்டு மட்டும். பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி போதும், பிழையைப் பிள்ளையே தேடட்டும். தாளுக்கு 4 நிமிடம் என்றால் 2 மணி 40 நிமிடத்தில் முடியும். பலர் செய்த பிழைகளில் மூன்றை மட்டும் மறுநாள் வெண்பலகையில் எழுதிப் பேசுங்கள்.

எங்கே சறுக்கும்? "இவ்வளவு பிழையை விட்டிருக்கிறாரே, ஆசிரியர் பார்க்கவே இல்லையா?" என்று பெற்றோர் கேட்பார்கள். அதனால் தாளின் தலைப்பிலேயே "இம்முறை பார்த்தவை இவை" என்று அச்சிட்டுவிடுங்கள். துறைத்தலைவரிடம் தவணைத் தொடக்கத்திலேயே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். நோட்டுகளைச் சோதிக்கும் நாளில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் எடுபடாது.

தமிழாசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. "உங்களுக்குப் பிள்ளைகள் குறைவுதானே" என்பார்கள். தலை குறைவுதான், வகுப்பு நிலைகள் குறைவா? நான்கு நிலைகளுக்குக் கற்பிப்பவர் நான்கு பாடத்திட்டம், நான்கு வினாத்தாள் தயாரிக்கிறார். ஒரே நிலையில் இரண்டு வகுப்பு எடுப்பவருக்கு ஒரு தயாரிப்பு இரண்டுமுறை உதவும். அட்டவணை போடுபவர்கள் தலையை எண்ணாமல் தயாரிப்பை எண்ண வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், தயாரிப்பை எண்ணுங்கள்.

அரையாண்டுத் தேர்வு 2023க்குள் தொடக்க, உயர்நிலைப்பள்ளிகளின் எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டது, நல்லதுதான். அந்த இடத்தைச் சின்னச் சின்ன மதிப்பீடுகளால் நிரப்பிவிட்டால் தாள்கட்டு வேறு வாசல் வழியாக வீட்டுக்கு வரும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பெற்றோருக்கென்று வைத்திருந்ததைச் சுருக்கிவிடுகிறேன். ஆசிரியர் தம் சொந்தக் கைப்பேசி எண்ணைத் தரவேண்டியதில்லை, அவசரம் இல்லாதவற்றுக்குப் பள்ளி நேரத்துக்குப் பிறகு பதில் எழுதவேண்டியதில்லை என்று கல்வி அமைச்சு 2024இல் தெளிவுபடுத்தியது. இரவு பத்து மணிக்குச் சந்தேகம் வந்தால் எழுதி வைத்துக்கொண்டு காலையில் பள்ளி மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, ஒரே ஒரு கேள்வி போதும்.

நன்றி, வணக்கம்.