176 பஸ்ல போற கெம்பஸ்

நடுவர் ஐயாவுக்கும், சனிக்கிழமை சாயந்திரம் காலி வீதி ட்ராஃபிக்ல மாட்டிட்டும் வெள்ளவத்தை வந்து சேர்ந்த உங்க எல்லாருக்கும் வணக்கம். தலைப்பை இன்னொரு தடவை சொல்லிடுறேன், எதிரணி அக்கா பேசின வேகத்துல அது எங்கயோ விழுந்து போச்சு. தனியார் கெம்பஸ்ல பாதி படிச்ச பிள்ளை, வீட்டுல இருந்தே பஸ்ல போய் வர்ற அரச பல்கலைக்கழகத்துக்கு மாறலாமா, இல்ல சேர்ந்த இடத்துலயே முடிக்கணுமா? மாறலாம்னு பேச வந்திருக்கேன். மாறினவன் வேற, அதனால கொஞ்சம் கோபமா பேசினா மன்னிச்சுக்கோங்க.

அக்கா என்ன சொன்னாங்க? பாதில இறங்கினா கட்டின காசு போச்சு, வருஷம் போச்சு, கெம்பஸ் லைஃபும் போச்சு. எல்லாரும் கை தட்டினீங்க, நானும்தான் தட்டினேன், நல்லா சொன்னாங்க.

காசுல இருந்தே வாறேன். நான் ஏ.எல் கொமர்ஸ், மூணு பாடமும் பாஸ், ஆனா இஸட் ஸ்கோர், அதாவது அரச கெம்பஸுக்கு எடுக்கப் பார்க்கிற புள்ளி, பத்தல. அங்க எடுக்கிறதுல 40 வீதம் மெரிட், 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 பின்தங்கின மாவட்டங்களுக்குன்னு உங்களுக்குத் தெரியும், கொழும்புல படிச்சவன் அதுக்கு வெட்டுப்புள்ளியில வரி கட்டணும், அதாவது கூடப் புள்ளி எடுக்கணும், அது இன்னொரு பட்டிமன்றம், விடுங்க. தனியார்ல சேர்த்துவிட்டாங்க. கோர்ஸ் ஃபீஸ் ரூபாவுல, டிகிரி குடுக்கிற வெளிநாட்டு யூனிவர்சிட்டிக்கு போற ஃபீஸ் மட்டும் பவுண்ஸ்ல. சேரும்போது யாரும் அதைப் பெருசா எடுக்கல. 2022 மார்ச்ல ரூபாவோட விலையைப் பிடிச்சு வைக்காம மிதக்க விட்டாங்க, 200 ரூபா சொச்சத்துல இருந்த டொலர் மே மாசம் 360 கிட்ட போய் நின்னுச்சு, பவுண்ஸ் மட்டும் சும்மா இருக்குமா? எங்க அப்பா பழைய சோனகத் தெருவுல ஒரு இரும்புக்கடையில பில் போடுறவர். அன்னைக்கு ராத்திரி கடை பில் ஒண்ணைத் திருப்பி வச்சு பின் பக்கத்துல கணக்குப் போட்டார். முன் பக்கத்துல யாரோ வாங்கின கம்பி, ரெண்டு இன்ச் ஆணி, பெயின்ட் பிரஷ், பின் பக்கத்துல என் டிகிரி. போட்டுட்டு ஒண்ணுமே சொல்லல, பேனையை மூடி சட்டைப் பையில வச்சுக்கிட்டார். அக்கா, கட்டின காசு போச்சுன்னு நீங்க சொல்றது கட்டி முடிச்ச காசு, நான் சொல்றது இன்னும் கட்ட வேண்டிய காசு, ரெண்டும் ஒரே பில்லோட ரெண்டு பக்கம்தான், எதைப் பார்த்து முடிவெடுக்கணும்னு எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

அப்பதான் நாவல திறந்த பல்கலைக்கழகம் ஞாபகம் வந்துச்சு. 1980ல தொடங்கினது, அரச பல்கலைக்கழகம், டிகிரி யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அங்கீகரிச்ச டிகிரி. ஆனா இலவசம்னு நினைச்சுக்கிட்டுப் போகாதீங்க, அங்கயும் காசு கட்டணும், எடுக்கிற பாடத்துக்கு ஏத்த மாதிரி, ரூபாவுல. அந்த கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன்.

வருஷம் போச்சா? போச்சு, ஒத்துக்கிறேன், இதுல பொய் சொல்லிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஏற்கனவே படிச்ச எட்டுப் பாடத்தைத் திரும்பப் படிக்காம இருக்க விலக்குக் கேட்டேன், மூணுதான் கிடைச்சது. பாடத்தோட பேர் மட்டும் ஒண்ணா இருந்தா போதாது, உள்ள என்ன படிச்ச, எத்தனை மணித்தியாலம், எத்தனை கிரெடிட்னு தாள் காட்டணும், அந்த தாளை என் பழைய கெம்பஸ்ல இருந்து எடுக்கவே ஆறு கிழமை அலைஞ்சேன், அங்க இருந்த மிஸ் ஒவ்வொரு தடவையும் சிரிச்சிக்கிட்டே 'நாளைக்கு வாங்க தம்பி'ன்னுவாங்க, அவ்வளவு அழகா யாரும் என்னைத் திருப்பி அனுப்பினதில்ல. மத்த அஞ்சும் திரும்பப் படிச்சேன். திரும்பப் படிச்சப்பதான் அக்கவுன்டிங் முதல் தடவை எனக்கு விளங்கவே இல்லைங்கிறது விளங்கிச்சு.

இப்ப கெம்பஸ் லைஃப். எதிரணித் தம்பி எழும்பி, 'பஸ்ல போய் பஸ்ல வர்றதெல்லாம் ஒரு கெம்பஸா'ன்னு கேட்டார். தம்பி, ஹெட்டியாவத்தையில நிக்கிற 176ல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில ஏறிப் பாருங்க. பொரளை, ராஜகிரிய, அப்புறம் நாவல. வார நாள்னா மேம்பாலம் கட்டியும் ராஜகிரியவுல நிப்பீங்க, ஞாயிறுன்னா பறக்கும். அந்த பஸ்லயே என் வகுப்புல பாதி இருக்கும். ஒரு அக்கா பேங்க்ல வேலை, பிள்ளையை அம்மாகிட்ட விட்டுட்டு வர்றவங்க, டே ஸ்கூல்ங்கிற நேரடி வகுப்பு இடைவேளையில வீடியோ கோல்ல பிள்ளைக்கு சோறு ஊட்டச் சொல்லிக் கெஞ்சுவாங்க. ஒரு அண்ணன் பொலிஸ், நைட் டியூட்டி முடிச்சு நேரா வந்து கடைசி வாங்குல உட்காருவார், கண்ணு செவந்திருக்கும், ஆனா நோட்ஸ் அவர்கிட்டதான் இருக்கும். எனக்கு இப்ப இருக்கிற வேலையைச் சொல்லிவிட்டது யாருன்னு நினைக்கிறீங்க? அந்த பேங்க் அக்காதான். பேட்ச் ட்ரிப் இல்ல, புல்வெளியில கிட்டார் இல்ல, உண்மை. ரேகிங்கும் நான் பார்க்கல. 1998லயே அதுக்கு ஒரு சட்டம் போட்டும் ஹொஸ்டல் இருக்கிற இடங்கள்ல இன்னும் நிக்கலன்னு பேப்பர்ல பார்க்கிறீங்கதானே, நாற்பது வயசு பொலிஸ்காரரை யார் ரேக் பண்றது?

எதிரணி கேட்காம விட்ட ஒரு கேள்வி இருக்கு, அதை நானே கேட்டுடுறேன். பின்னால நின்னு தள்ள ஆள் இல்லாத இடத்துல நீ படிப்பியா? அதுதான் உண்மையான பயம். அங்க யாரும் போன் பண்ணி வரச் சொல்ல மாட்டாங்க. கெட் டெஸ்ட், அதாவது இடையில வைக்கிற மதிப்பீட்டுப் பரீட்சை, ஒழுங்கா செய்யலன்னா எலிஜிபிலிட்டி இல்ல, கடைசி எக்ஸாம் எழுத விடமாட்டாங்க. முதல் வருஷம் எனக்கு ஒரு பாடத்துல அப்படித்தான் ஆச்சு, வேலையைச் சாட்டினேன், யாரும் கேட்கல. தனியார்ல படிச்சப்ப நான் தூங்கினாலும் எழுப்பி உட்கார வச்சு பாஸ் பண்ண வைப்பாங்க, ஏன்னா நான் கஸ்டமர். இங்க தூங்கினா தூங்கினதுதான். சில பிள்ளைக்கு அது ஒத்து வராது, ஒத்து வராத பிள்ளை மாற வேண்டாம், அக்காவுக்கு அந்த ஒரு புள்ளியை நான் எழுதியே தாறேன்.

மணி அடிக்கிறீங்க, சரி ஐயா. மாறலாம்னு தீர்ப்பு சொல்லுங்க. ஆனா மாறப் போற பிள்ளைகிட்ட, பழைய இடத்துல இருந்து விலகுற கடிதம் குடுக்க முன்னாடி, சிலபஸ் தாளை எல்லாம் சீல் அடிச்சு கையில வாங்கச் சொல்லுங்க. விலகினதுக்கு அப்புறம் அந்த மிஸ் சிரிக்கக்கூட மாட்டாங்க.