றைபிள் வரலாற்று நூல்களை எப்படிப் பார்த்து வாங்குவது
(முல்லைத்தீவு மாவட்டத்தில் நடந்த நூலக வாசகர் சந்திப்பில் ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம்.

துவக்குகளைப் பற்றிய புத்தகம் எங்களுக்கு எதற்கு என்று நினைப்பவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். நியாயமான கேள்விதான். பார்த்துப் பார்த்து மனம் வெறுத்த சனம் நாங்கள். ஆனால் அதே சனம்தான் இப்போது எழுதிக்கொண்டும் இருக்கிறது: நினைவுக்குறிப்பு, நாவல், ஊர் வரலாறு, சாட்சியம். வந்தவர்கள் கையில் ஏகே-47 இருந்தது என்று ஒருவர் எழுதுகிறார். உண்மையில் இருந்தது அதைப் பார்த்துச் சீனா செய்த ரி-56. சின்னப் பிழைதான். ஆனால் நம்ப விரும்பாதவர் அந்தச் சின்னப் பிழையைத்தான் முதலில் பிடிப்பார், அதைக் காட்டியே மிச்சம் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். ஆகவே சரிபார்க்க நம்பகமான சில நூல்கள் எங்கள் நூலகங்களில் இருக்கவேண்டும். அவை பிற நாடுகளிலிருந்து வருபவை, விலை கடுமை. கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது.

நூலைக் கையில் எடுத்ததும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு றைபிளின் பக்கத்துக்குப் போங்கள். எங்களுக்கு அது ரி-56. சோவியத் ஏகேயின் முன்குறியில், அதாவது குழலின் முனைப்பக்கம் குறிபார்க்க நிற்கும் பாகத்தில், இரண்டு காதுகள் நிற்கும், மேற்பக்கம் திறந்திருக்கும். சீனத்து ரி-56 இல் அது ஒரு சிறு துளை மட்டும் விட்டு வளையமாக மூடியிருக்கும். பலவற்றில் குழலுக்குக் கீழே மடித்துவைத்த கத்தியும் இருக்கும். மூடிய வளையம் உள்ள படத்தைப் போட்டு, கீழே ஏகே-47 என்று எழுதிய நூலை நான் வாங்கமாட்டேன். தன் படத்தையே பார்க்காதவர் பட்டியலை மட்டும் பார்த்திருப்பாரா? இன்னொன்று: 1956 இல் சீனா ஏகேயின் பிரதி, எஸ்கேஎஸ் என்ற காபைனின் (குட்டை றைபிளின்) பிரதி, ஆர்பிடி இயந்திரத் துப்பாக்கியின் பிரதி மூன்றுக்கும் அதே 56 என்ற எண்ணைத்தான் கொடுத்தது. நல்ல நூல் இதைப் பிரித்துச் சொல்லும்.

அப்புறம் ரவை. 7.62 மில்லிமீற்றர் என்று விட்டத்தை மட்டும் அச்சிட்டால் போதாது. ஏகேயின் ரவைக்கோது 39 மில்லிமீற்றர் நீளம், எஸ்எல்ஆர் என்ற இன்னொரு றைபிளின் கோது 51. ஒன்றை மற்றதில் போட முடியாது. 7.62×39, 7.62×51 என்று முழுதாக எழுதும் நூலாசிரியருக்கு வேலை தெரியும். கோதின் அடியில் குத்தியிருக்கும் தொழிற்சாலை எண்ணையும் ஆண்டையும் வாசிக்கக் கற்றுத்தரும் நூல் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் கோது தேடி யாரும் காட்டோரம் நிலத்தைக் கிளறவேண்டாம், பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன.

பெரியவர்களுக்குத் தெரிந்த திரீ-நொட்-திரீ, அதாவது லீ-என்பீல்ட் என்ற பிரித்தானிய றைபிள், நூலாசிரியரை அளக்க இன்னும் நல்ல கருவி. பிடிக்கட்டையின் கழுத்தில், போல்ற் கைபிடிக்குக் கீழே (ரவை ஏற்றக் கையால் இழுக்கும் தாழ்தான் போல்ற்), ஒரு இரும்புப் பட்டி இருக்கும். வலப்பக்கம் பார்த்தால் கிரீடம், அரசரின் எழுத்துகள், செய்த இடம், ஆண்டு, மாதிரி எண் எல்லாம் குத்தியிருக்கும். மூன்றாம் மாதிரி 1907 இல் வந்தது. முதலாம் உலகப்போரில் அவசரமாக ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டபோது, தூரத்துக் கூட்டுச் சூட்டுக்கான பக்கக்குறி போன்ற சில பாகங்களை விட்டுவிட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் போட்டார்கள். அந்தப் பட்டியைக் கிட்டத்தில் படம்பிடித்துக் காட்டி, நட்சத்திரம் ஏன் வந்தது என்று சொல்லும் நூலுக்குக் காசு கொடுக்கலாம். வழுவழுப்புத் தாளில் முழுத் துப்பாக்கியின் படத்தை மட்டும் போட்டு, எடை, நீளம் என்று நாலு வரி எழுதிய தடித்த கலைக்களஞ்சியம் வேண்டாம். அந்த நாலு வரி எங்கேயும் கிடைக்கும்.

தோல்வியை எப்படி எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். வியட்நாமில் எம்-16 என்ற அமெரிக்க றைபிள் அடிக்கடி சிக்கி நின்றது, அதனால் அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். மட்டமான துவக்கு என்று ஒரே வரியில் முடித்துவிடும் நூல்கள் உண்டு. பொறுப்பாக எழுதியவர் காரணத்துக்குப் போவார்: வெடிமருந்தின் வகையை மாற்றினார்கள், ரவை இருக்கும் அறைக்குக் குரோம் பூசவில்லை, துடைக்கும் கருவிகளைச் சரியாகக் கொடுக்கவில்லை, 1967 இல் அமெரிக்கக் காங்கிரஸின் உபகுழு இதை விசாரித்தது. ஆயுதத்தைப் புகழும் நூலிலோ இகழும் நூலிலோ இந்த விவரம் வராது. பத்திரங்களை வாசித்தவருக்குத்தான் வரும்.

பதிப்பாண்டும் முக்கியம். கலாஷ்னிகோவ், அதாவது ஏகே, பற்றி 1991 க்கு முன் மேற்கில் எழுதியவர்களுக்குச் சோவியத் தொழிற்சாலை ஆவணங்கள் எளிதில் கிடைக்கவில்லை, ஆகவே அதில் புதிய பதிப்பையே பாருங்கள். லீ-என்பீல்டுக்கு அப்படியில்லை. பழைய நூல் மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

எங்கள் ஊர்ச் சிறப்பு மலர்களுக்கும் இதே அளவுகோல்தான். 1803 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் மோதிய பிரித்தானியப் படையின் வழமையான ஆயுதம் குழலுக்குள் புரி இல்லாத மஸ்கட். அந்தப் போருக்கு லீ-என்பீல்ட் படம் வரைவது ஏறத்தாழத் தொண்ணூறு வருசப் பிழை.

சரி, காசு கொஞ்சம்தான் என்றால் எதை வாங்குவது? முதலில் ரவைகளைப் பற்றிய ஒரு நூல். அடுத்து லீ-என்பீல்ட் குடும்பத்துக்கென்றே எழுதியது ஒன்று, பிறகு கலாஷ்னிகோவும் அதன் பிரதிகளும் பற்றி ஒன்று. மூன்றையும் ஒரே நூலகம் வாங்கத் தேவையில்லை. கிளிநொச்சி ஒன்று, முல்லைத்தீவு ஒன்று, வவுனியா ஒன்று என்று பிரித்து வாங்கி மாற்றிக் கொடுக்கலாம். ஓடர் போடுமுன் சொல்லடைவும் ஆதாரக் குறிப்புகளும் இருக்கிற பக்கங்களின் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அடுத்தவரிடம் போங்கள்.