சிரித்தால் முழங்கால் மடங்குகிறதா?

(காட்சி: அல்சூர் ஏரிக்கரை, காலை நேரம்)

வணக்கம். பெங்களூரில் யாராவது பகலில் தூங்கி வழிந்தால் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. நைட் ஷிப்ட், சில்க் போர்டு டிராபிக், நடுராத்திரி வரை மொபைல். எங்கள் அல்சூர் பக்கம் என்றால் 'கும்பகர்ணன்' என்று பட்டமே கொடுத்துவிடுவார்கள். பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நார்கோலெப்சி என்ற நோய் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான ஊர் கிடைக்காது.

ஆனால் அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவளும், தாடை தொங்கும். நினைவு மட்டும் தப்பாது. கனவு காணும் நேரத்தில் நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை நம் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது இல்லையா, அந்தத் தளர்ச்சி விழித்திருக்கும்போதே வந்துவிடுகிறது. கேட்டாப்ளெக்சி என்பார்கள்.

(காட்சி: மூளையின் படம், ஹைபோதலாமஸ் மட்டும் ஒளிர்கிறது)

இங்கே சில பத்தாயிரம் செல்கள் ஓரெக்சின் என்ற பொருளைச் சுரக்கின்றன. நம் விழிப்பு இடையில் அறுந்துபோகாமல் காப்பது அதுதான். 1998-ல்தான் கண்டுபிடித்தார்கள். மறு வருடமே, இதே நோயுள்ள டாபர்மேன் நாய்களைச் சோதித்தபோது, ஓரெக்சினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் பரம்பரைக் கோளாறு தெரிந்தது. மனிதருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். 2000-ல், இறந்துபோன நோயாளிகளின் மூளையைப் பார்த்தால் ஓரெக்சின் செல்களையே காணோம்! 85 முதல் 95 சதவீதம் வரை போய்விட்டிருந்தன. பக்கத்துச் செல்களுக்குக் கீறல்கூட இல்லை.

இப்படிப் பார்த்துப் பார்த்து அழித்தது யார்? சந்தேகம் நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மேல் விழுந்தது. கேட்டாப்ளெக்சி உள்ள நோயாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களிடம் ஒரே எச்.எல்.ஏ. மரபணு வகை இருக்கிறது. எது நம் உடம்பு, எது கிருமி என்று பிரித்தறிய உதவும் மரபணு அது. ஆனால் அதே வகையோடு நிம்மதியாக வாழ்கிறவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. அப்படியானால் பொறி வேறெங்கோ இருக்க வேண்டும்.

2009-ல் பன்றிக் காய்ச்சல் பரவியது. அதற்குப் பிறகு சீனாவில், தடுப்பூசி போடாதவர்களிடமும் புதிய நார்கோலெப்சி நோயாளிகள் கூடினார்கள். பின்லாந்திலும் சுவீடனிலும் பாண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசி போட்ட பிள்ளைகளிடம் கூடியது. (இதை மட்டும் வெட்டி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். அந்த ஒரு தடுப்பூசியோடு சேர்ந்த கதை அது, இப்போது அது புழக்கத்திலும் இல்லை.) வைரஸின் ஒரு துண்டு ஓரெக்சினைப் போலத் தோன்றி, நம் காவல்காரனான நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் குழப்பியிருக்கலாம் என்பது இன்றைய கருத்து. 2018-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், ஓரெக்சினையே குறிவைக்கும் டி செல்களை (நோய் எதிர்ப்பு மண்டலத்தின் படைவீரர்கள்) நோயாளிகளின் ரத்தத்தில் பிடித்தார்கள். கையும் களவுமாக என்று சொல்ல முடியாது. நோயாளி டாக்டரிடம் வருவதற்குள் செல்கள் போய்ச் சேர்ந்திருக்கும்.

அதனால்தான் மோடஃபினில் போன்ற மாத்திரைகள் விழிப்புக்கு முட்டுக்கொடுக்கின்றன, இழந்த செல்களைத் திருப்பித் தருவதில்லை. ஓரெக்சினின் வேலையைச் செய்யும் மருந்துகளைச் சோதித்து வருகிறார்கள்.

சரி, நரம்பியல் டாக்டரிடம் போனால் 'தூக்கமா வருது' என்பதோடு நிறுத்தாதீர்கள். சிரிக்கும்போது கால் துவள்வதையும் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள் பலர், வெட்கம். சொல்லாவிட்டால், வலிப்பு என்று தவறாக நினைத்துக் கொடுத்த மாத்திரையோடு திரும்பி வர வேண்டியிருக்கும்.