சென்னைக்கு முன்னாடியே கோட்டை கட்டின ஊர்! ராயபுரம் – பழவேற்காடு ஒரு நாள் கார் ரூட்

[காட்சி: விடியற்காலை, ராயபுரம் சாலை]

ஜார்ஜ் கோட்டை வேலை தொடங்குறதுக்குக் கால் நூற்றாண்டு முன்னாடியே, 1613-ல, நம்ம வடசென்னைக்கு வடக்கே டச்சுக்காரங்க கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடிச்சிட்டாங்க. ஊரு பழவேற்காடு. ராயபுரத்துலேர்ந்து சுமார் 60 கிலோமீட்டர்.

வணக்கம் மக்களே! இன்னைக்கு ரூட்டோட தலைப்பு ஒண்ணே ஒண்ணுதான்: கடல் வழியா வந்த வியாபாரம். பூநாரையும் பார்க்கணும், காசிமேட்டுல மீனும் வாங்கணும்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல திணிச்சா எதுவும் மனசுல தங்காது. அதுக்கெல்லாம் தனித்தனியா வண்டி எடுங்க.

ஆறு மணிக்குள்ள கிளம்பிடுங்க. திருவொற்றியூர், எண்ணூர் வழியா மீஞ்சூர், பொன்னேரி, அங்கேர்ந்து வலது பக்கம் பழவேற்காடு. லேட்டானா எண்ணூர் ரோட்டுல துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்கும், நடுவுல மாட்டினா திரும்பவும் முடியாது. பெட்ரோல் பொன்னேரியிலயே போட்டுக்கங்க. வழியில எங்கயும் இறங்காதீங்க, நேரா டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்க. ஏன் இவ்வளவு அவசரம்னா, காரணம் வெயில்.

[காட்சி: கல்லறைத் தோட்டத்து வாசல், மெதுவாக நெருங்கும் கேமரா]

வாசல்லயே ரெண்டு பக்கமும் கல்லுல செதுக்கின எலும்புக்கூடு நிக்குது பாருங்க! உள்ள தொல்லியல் துறை பாதுகாப்புல 76 கல்லறைங்க. பெரிய பெரிய கல் பலகை, மேல குடும்பச் சின்னம், சுத்தி பூவேலை, அதுக்குக் கீழ டச்சு மொழியில எழுத்து. இங்கதான் விஷயம். இந்த எழுத்தைக் குழியா வெட்டல, சுத்தியிருக்கிற கல்லைச் செதுக்கி எடுத்துட்டு எழுத்தை மட்டும் மேடா விட்டிருக்காங்க, அப்பளத்துல கொப்புளம் எழும்பின மாதிரி. அதனால வெயில் சாய்வா விழும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்துல மெல்லிசா ஒரு நிழல் விழும், வருஷம்கூடத் தெளிவாப் படிக்கலாம். உச்சி வெயில்ல அந்த நிழலே இருக்காது, மொத்தக் கல்லும் மொழுக்குனு தெரியும். ஒன்பதரைக்குள்ள வந்துடுங்க. லேட்டாயிடுச்சுன்னா போன் டார்ச்சைக் கல்லோட ஓரத்துல, தரையோட தரையா வெச்சு அடிங்க, கொஞ்சம் தெரியும். எழுத்து தெரியணும்னு சாக்பீஸ் தேய்க்காதீங்க, சாவியால சுரண்டாதீங்க. 300 வருஷத்துக்கு மேல உப்புக்காத்தைத் தாங்கின கல்லுங்க!

கேமராவுல அந்த நிழல் விழுந்தா போட்டோவை நம்ம கம்யூனிட்டி பக்கத்துல போடுங்க, ப்ளீஸ்.

கோட்டையில இப்ப மிஞ்சியிருக்கிறது இடிபாடும் புதரும்தான். 1690-ல டச்சுக்காரங்க தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்தினதுலேர்ந்தே இந்த ஊரோட மவுசு குறைய ஆரம்பிச்சிடுச்சு. பக்கத்துல செம்பூராங்கல்லுல கட்டின ஆதிநாராயணப் பெருமாள் கோவில்ல விரல் அளவு ராமாயணச் சிற்பங்க இருக்கு, கோட்டையை விட அதுக்கு நேரம் குடுங்க.

ஏரியில படகுக்குக் கூப்பிட்டா ஏறாதீங்க. 2011 டிசம்பர் 25 அன்னைக்கு இங்க படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க.

திரும்பும்போது திருவொற்றியூர் தியாகராஜர் கோவில். மத்தியானம் நடை சாத்தியிருக்கும், நாலு மணிக்கு மேல வர்ற மாதிரி கிளம்புங்க. அங்க மூலவர் ஆதிபுரீஸ்வரர் வருஷம் முழுக்கக் கவசத்துக்குள்ளதான். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூணு நாள் மட்டும் கவசத்தை எடுப்பாங்க.

கடைசியா ராயபுரம் ஸ்டேஷன். 1856 ஜூலை 1, தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் இங்கேர்ந்து வாலாஜாவுக்குக் கிளம்புச்சு. அடுத்த ரூட் ரயிலா, கருப்பர் நகரத்துச் (இப்ப ஜார்ஜ் டவுன்) சுவரா? கமெண்ட்ல சொல்லுங்க.