பெரியவர்களிடம் சின்னக் கேள்வி கேளுங்கள்

வணக்கம். இன்றைய வீடியோ கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், நிதானமாக உட்கார்ந்து பாருங்கள். பாட்டி, தாத்தா, பெரியப்பா, அத்தை என்று வீட்டுப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கைக் கதையை எப்படிப் பதிவு செய்வது என்பதுதான் விஷயம். மைக், கேமரா எல்லாம் அப்புறம் வருகிறது. முதலில் கேள்வி. ஏனென்றால் இந்த வேலை பெரும்பாலும் கெட்டுப்போவது கேள்வியில்தான்.

எதிரில் உட்கார்ந்து, "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் என்ன வரும்? "என்னத்தைச் சொல்றது, கஷ்டப்பட்டோம், பிள்ளைங்களைப் படிக்க வெச்சோம், அவ்வளவுதான்." ஒரு முழு ஆயுசு இரண்டு வரியில் முடிந்துவிடும். சொல்ல எதுவும் இல்லாததால் அப்படிச் சொல்வதில்லை. அவ்வளவு பெரிய கேள்விக்கு யாருக்குமே வாய் வராது. இதையே உங்களிடம் கேட்டால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

அதனால் கேள்வியைச் சின்னதாக்குங்கள். "சின்ன வயசுல வீட்டுல எந்த இடத்துல படுத்துத் தூங்குவீங்க? பக்கத்துல யாரு படுப்பாங்க?" இப்படிக் கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் எத்தனை அறை, கதவு எந்தப் பக்கம், ராத்திரி யார் கடைசியாக விளக்கை அணைப்பார், எந்தத் தம்பி இப்போது இல்லை, எல்லாம் வரிசையாக வரும். ஞாபகம் வருடக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதில்லை. அது இடங்களிலும் பொருள்களிலும் கைவேலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என் பெரியம்மா வெகுகாலம் தையல் வேலை செய்தவர். வேலை எப்படி இருந்தது என்றால் "நல்லா இருந்தது" என்பார், அதோடு சரி. "மெஷின்ல உட்கார்ந்ததும் முதல்ல என்ன செய்வீங்க பெரியம்மா?" என்று கேட்டேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நூல் நுனியை உதட்டில் நனைத்து ஊசிக் காதில் கோப்பதுபோல விரல் போனது, ஒரு கண் தானாக இடுங்கியது. மேஜைக்கு அடியில் இரண்டு பாதமும் மிதிக்க ஆரம்பித்துவிட்டன, குதிகால், நுனிக்கால், குதிகால், நுனிக்கால். "எண்ணெய் விட்ட அன்னிக்கு அதோட சத்தமே வேற" என்றார். அங்கிருந்து முதன்முதலில் யாருக்குத் தைத்தார், கையில் வந்த காசை யாருக்கும் தெரியாமல் எங்கே வைத்தார் என்று பேச்சு தானாக ஓடியது. நான் வாயே திறக்கவில்லை.

இதனால்தான் வீடியோ எடுப்பவர்களிடம் ஒன்று சொல்கிறேன். முகத்தை மட்டும் நெருக்கமாக எடுக்காதீர்கள். கையும் தெரிகிற மாதிரி கேமராவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பாதிக் கதையைக் கைதான் சொல்கிறது.

எந்தக் காலத்தைக் கேட்பது? பத்து வயதிலிருந்து முப்பது வயது வரைக்கும் கேளுங்கள். வயதானவர்களை அவர்கள் வாழ்க்கையை நினைவுகூரச் சொன்னால் அந்தக் காலத்து நினைவுகள்தான் மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாக வருகின்றன. உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம் இது. முதல் வேலை, முதல் பிரிவு, முதன்முதலாகத் தனியாகப் போன பயணம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நாமோ அவர்கள் அம்மாவாகவோ தாத்தாவாகவோ ஆன பிறகான கதையையே கேட்கிறோம். நமக்கு முன்னால் அவர்கள் யாராக இருந்தார்கள் என்று கேளுங்கள்.

"பழசையே பேசிட்டு இருக்காங்க" என்று சலித்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் மருத்துவர்களே அதை மூளை தளர்வதன் அறிகுறியாகப் பார்த்தார்கள். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963இல் இதை மறுத்து எழுதினார். முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பானது, மனசுக்குள் நடக்க வேண்டிய ஒரு வேலை என்றார். அந்த வேலை நடக்கும்போது நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சரி, கேட்டாயிற்று, பதில் வருகிறது. இனிமேல் உங்கள் முக்கியமான வேலை சும்மா இருப்பது. அவர் பேசி நிறுத்தியவுடன் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். அந்த இடைவெளி நமக்குத்தான் சங்கடம், அவருக்கு இல்லை. அவர் உள்ளே போய்த் தேடிக்கொண்டிருக்கிறார். "அப்புறம் என்னாச்சுன்னா..." என்று அவரே தொடங்குவது பல நேரம் அந்த மௌனத்துக்குப் பின்னால்தான். நடுநடுவே "ம், ம்" போட்டால் அதுவும் பதிவில் ஏறிவிடும், தலையை ஆட்டினால் போதும்.

வருடத்தைத் தப்பாகச் சொன்னால் என்ன செய்வது? அந்த நேரத்தில் திருத்தவே திருத்தாதீர்கள். இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. இத்தாலியில் டெர்னி என்ற ஊரில் 1949 மார்ச்சில், நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியில் நாடு சேருவதை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் லூயிஜி த்ராஸ்துல்லி என்ற இரும்பாலைத் தொழிலாளி போலீஸாரால் கொல்லப்பட்டார். பல வருடம் கழித்து அலெஸ்ஸாண்ட்ரோ போர்த்தெல்லி என்ற வாய்மொழி வரலாற்றாளர் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டபோது, நிறைய பேர் அந்தச் சாவு 1953இல் நடந்ததாகச் சொன்னார்கள். 1953 என்பது ஆலையில் பெரும் ஆட்குறைப்பு நடந்து, தெருவில் போராட்டம் வெடித்த வருடம். போர்த்தெல்லி இதை மறதி என்று ஒதுக்கவில்லை. அந்த மக்களுக்கு எது பெரிய அடியாக விழுந்ததோ அந்த இடத்துக்கே அந்தச் சாவும் நகர்ந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். உங்கள் தாத்தா கல்யாணத்தையும் வேலை போனதையும் ஒரே வருடத்தில் சேர்த்துச் சொல்கிறாரா? சொல்லட்டும். சரியான தேதியைப் பிறகு சான்றிதழில் பார்த்துத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். சான்றிதழில் இல்லாததைத்தான் அவரிடம் கேட்க வந்திருக்கிறோம். அதே சம்பவத்தை அவருடைய தங்கை வேறு மாதிரி சொன்னால் அதையும் தனியாகப் பதிவு செய்யுங்கள். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தால் உரக்கப் பேசுபவரின் கதை மட்டுமே மிஞ்சும்.

முடிந்தால் வீட்டுக் குழந்தைகளையும் கேட்க விடுங்கள். நமக்குப் பாதி தெரியும் என்று பெரியவர்கள் சுருக்கிச் சொல்வார்கள், குழந்தை கேட்டால் முதலிலிருந்து விளக்குவார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 20 கேள்விகள் வைத்துப் பிள்ளைகளிடம் ஆராய்ந்தார்கள். அப்பா அம்மா எங்கே சந்தித்தார்கள், உனக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்பது மாதிரிக் கேள்விகள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகமாக இருந்தது. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று இதைவைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்தக் கேள்விகள் நல்ல கேள்விகள்.

இப்போது கனமான விஷயம். எல்லாக் கதையும் இனிப்பாக இருக்காது. இறந்த குழந்தை, கைவிட்ட உறவு, யாரிடமும் சொல்லாத அவமானம் எல்லாம் வரும். ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்லலாம், வேண்டாம்னு தோணுறதை அழிச்சிடலாம்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அவர் அழுதால் கேமராவை விட்டுவிட்டு அவர் பக்கம் போங்கள். என்னைப் போலச் சேனல் வைத்திருப்பவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன், அந்தத் துண்டை வெட்டி எடுத்து ஏற்றாதீர்கள். அந்தக் கதையில் வரும் மற்றவர்களும் உயிரோடு இருக்கலாம். பெரியம்மாவின் பதிவு என் சேனலில் வராது, அது அவர் பிள்ளைகளுக்கு.

மைக் விஷயம் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். ஃபோனே போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துணிமேல் வையுங்கள், மேஜையைத் தட்டும் சத்தம் ஏறாது. மின்விசிறியை நிறுத்துங்கள். அவர் வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இருந்தால் நல்லது, சட்டையில் குத்தும் சின்ன மைக் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே மூச்சில் நெடுநேரம் பேச வைக்காதீர்கள், நடுவில் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். 2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறு அறையோடு தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பு, தெரிந்தவர்கள் இருவரை 40 நிமிடம் பேச வைத்துப் பதிவு செய்தது. ஒரு சிட்டிங்குக்கு அந்த அளவு சரியாக இருக்கிறது. காது கேட்பது குறைந்தவர்களிடம் கத்தாதீர்கள். வயதாகும்போது முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். கத்தினால் குரல் கீச்சென்று ஏறி இன்னும் புரியாமல் போகும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, மெதுவாகப் பேசுங்கள்.

பேச்சு நின்றுபோனால் பழைய படம் ஒன்றைக் கையில் கொடுங்கள். ஓரம் நெளிநெளியாக வெட்டிய கருப்பு வெள்ளைப் படங்கள் இருக்குமே, அவை. "இதுல யாரு?" என்பதோடு விடாமல், "இந்தப் படத்தை எடுத்தது யாரு?" என்றும் கேளுங்கள். படத்தில் இல்லாத அந்த ஒருவரைப் பற்றி நல்ல கதை ஒன்று இருக்கும்.

ஒரிஜினல் கோப்பை வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே வையுங்கள். ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் (WAV) வடிவத்தில், ரெக்கார்டர் செட்டிங்கில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 500 எம்பி வரும், அது ஒரு பெரிய சுமையே இல்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறொரு வீட்டில். பதிவின் தொடக்கத்திலேயே உங்கள் குரலில் தேதி, இடம், பேசுபவர் பெயர், உங்களுக்கு அவர் என்ன முறை என்று சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயரிலும் அதையே போடுங்கள். இல்லாவிட்டால் இன்னும் ஒரு தலைமுறையில் அது யாரோ ஒரு அம்மாவின் குரலாகிவிடும்.

பேசியதை எழுத்தில் கொண்டுவருவது தனி வேலை, அதை அடுத்த வீடியோவில் பார்க்கலாம். அதற்குள் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அந்தத் தூங்கும் இடத்தைப் பற்றி மட்டுமாவது கேட்டுவிடுங்கள். ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டுக் கேளுங்கள்.