டீக்கடைச் சுவரில் ஓர் ஊர்: மேலக்கூடல்

வணக்கம் மக்களே! சத்தம் சரியாகக் கேட்கிறதா? மேலே தகரக் கூரை, அதில் சாரல் விழுகிறது. கொடைக்கானலில் மழைக்காலத்தில் வீடியோ எடுத்தால் இந்தப் பின்னணி இசை இலவசம்.

இன்றைக்கு ஏரி, தூண் பாறை எதுவும் கிடையாது. அதெல்லாம் ஏற்கெனவே சுற்றிக் காட்டியாயிற்று. இன்றைக்கு நான் காட்டப் போகிற ஊருக்கு பஸ் இல்லை, கூகுள் மேப்பிலும் தேடிக் கிடைக்காது. கேமராவைத் திருப்புகிறேன், கொஞ்சம் பொறுங்கள். இதோ. தெரிகிறதா? ஏழு சார்ட் பேப்பர், செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறோம். எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற டீக்கடையின் உள்சுவர் இது. ஊரின் பெயர் மேலக்கூடல்.

ஐந்து பேர் சேர்ந்து ஒன்றரை வருடமாக இந்த ஊரைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். நான், டீக்கடை அண்ணன், எட்டாவது படிக்கிற பக்கத்து வீட்டுத் தம்பி, சர்வே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர், அப்புறம் என் அம்மாச்சி. அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்த ஊரில் பாதிச் சட்டம் அவர் போட்டதுதான்.

ஆரம்பம் ரொம்பச் சாதாரணம். ஒரு மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லாததால் எல்லோரும் அடுப்பு எரிகிற இந்தக் கடையில் வந்து உட்கார்ந்திருந்தோம். தம்பி நோட்டில் ஒரு கோட்டை வரைந்துகொண்டிருந்தான். மலை உச்சியில் கோட்டை, கோட்டைக்குள்ளிருந்து கிளம்பி மலையின் இரண்டு பக்கமும் இறங்குகிற ஆறு. மாமா எட்டிப் பார்த்தார். "கோட்டை நல்லாயிருக்கு. உச்சியில ஆத்துக்குத் தண்ணி எங்கிருந்துப்பா வருது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஆரம்பித்ததுதான், இன்னும் முடியவில்லை.

கற்பனை ஊர் வரைகிறவர்கள் நிறைய பேர் இந்த ஆற்று விஷயத்தில்தான் சறுக்குகிறார்கள். சரிவில் ஓடைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே இறங்கும், பிரிந்துகொண்டே இறங்காது. ஏரி நிரம்பினால் தண்ணீர் இருக்கிறதிலேயே தாழ்ந்த ஓர் இடத்தில்தான் வழியும், நான்கு பக்கமும் வழியாது. மாமா இதை மேசையில் டீ ஊற்றியே காட்டினார். அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அப்புறம் மாமா எங்கள் ஏரிக் கதையைச் சொன்னார். 1863-ல் லெவின்ஜ் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் ஓடையை மறித்துக் கரை போட்டதால் வந்த ஏரி அது. தம்பிக்கு ஒரே ஆச்சரியம். "அப்ப நம்ம ஏரியும் யாரோ கற்பனை பண்ணுனதுதானா?" என்று கேட்டான். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

சரி, ஆறு எங்கிருந்து வருகிறது? எங்கள் மலையில் பார்த்ததையே எடுத்துக்கொண்டோம். சோலைக்காடு மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடும். அதனால் மேலக்கூடலின் உச்சி முழுக்கச் சோலை. அங்கே யாரும் வீடு கட்டக்கூடாது. அப்படியானால் கோட்டை? தம்பி அழாத குறை. கடைசியில் கோட்டையைத் தூக்கிப் பள்ளத்தாக்கின் அடியில் வைத்தோம். ஊரிலேயே தாழ்ந்த இடம் ராஜாவுடையது. மேலே எல்லோரும் குளித்து, துவைத்து, மாடு கழுவிய பிறகு வருகிற தண்ணீர்தான் அரண்மனைக்குக் கிடைக்கும்.

இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஒரு மாற்றத்தில் ஊரின் அரசியல் முழுக்கத் தன்னால் வந்துவிட்டது. ராஜா கடைசியில் குடிக்கிறார், அதனால் மேலே சாயப்பட்டறை வைக்க அனுமதி கிடையாது. கக்கூஸ் எங்கே கட்ட வேண்டும் என்பது ராஜ சபையில் பேசுகிற முக்கியமான விஷயம். மேல்தெருக்காரர்களுக்குக் கோபம் வந்தால் போராட்டம் ரொம்ப எளிது. என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே புரியும். எங்களில் யாரும் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை இது. தம்பியின் கோட்டையும் மாமாவின் ஆறும் மோதிக்கொண்டதில் வந்து விழுந்தது.

பெயர் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். முதலில் மஞ்சூர் என்றுதான் வைத்தோம், மஞ்சு என்றால் மேகம் அல்லவா. அண்ணனுக்குச் சொந்த ஊர் குன்னூர் பக்கம். "மஞ்சூர் எங்க நீலகிரியிலயே இருக்கு பாப்பா, குந்தா பக்கம்" என்று சிரித்தார். அப்புறம் மேலக்கூடல். கூடல் மதுரையின் பழைய பெயர். வானம் தெளிந்த ராத்திரியில், மலை விளிம்பை ஒட்டிப் போகிற எங்கள் ஊர் நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் கீழே சமவெளியின் விளக்குகள் தெரியும். அந்தக் கூடலுக்கு மேலே இருக்கிற கூடல் இது.

எங்களுக்கு இரண்டே சட்டம். ஒன்று, இன்னொருவர் போட்டதை அழிக்கக்கூடாது. அதன் மேல் சேர்க்கலாம், அதற்கு ஒரு விளைவு சொல்லலாம், அவ்வளவுதான். அழிரப்பர் அண்ணனின் கல்லாப்பெட்டியில் பூட்டியிருக்கிறது, வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இரண்டு, எந்த அதிசயத்தைச் சேர்த்தாலும் அதற்கு ஒரு விலை வைக்க வேண்டும்.

அதிசயம் என்றால்? மேலக்கூடலில் ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் நான்கு மணிக்கு மூடுபனி இறங்கும். அந்தப் பனிக்குள் நின்றால், நேற்று அதே இடத்தில் பேசிய பேச்சு மறுபடி கேட்கும். நேற்றைய பேச்சு மட்டும்தான், முந்தாநாளுடையது கேட்காது.

இதை நான் சொன்னேன், ஏதோ அழகாக இருக்கட்டும் என்று. மற்றவர்கள் விடவில்லை. அண்ணனுக்கு முதலில் தோன்றியது கடன் கணக்கு. "நேத்து நாலு டீ குடிச்சியே, இல்லைன்னு சொல்ல முடியாதே!" அதனால் மேலக்கூடல் கடைகளில் கணக்கு நோட்டு கிடையாது. நான்கு மணி வரை காத்திருந்தால் போதும். மாமா உடனே நீதிமன்றத்தைக் கொண்டுவந்தார். வழக்கு ஒரே நாளில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் சாட்சி கரைந்துபோகும். அதனால் அங்கே வாய்தா என்ற சொல்லே இல்லை. தம்பி சொன்னது வேறு. மார்க் குறைந்ததற்கு அப்பா திட்டினால் மறுநாளும் ஒரு தடவை திட்டு விழும். அதனால் பிள்ளைகளைத் திட்ட வேண்டுமென்றால் ஊர் எல்லைக்கு வெளியே கூட்டிப்போய்த்தான் திட்ட வேண்டும் என்று சட்டம்.

அம்மாச்சி அதுவரைக்கும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "செத்துப்போனவுக குரலும் கேக்குமா?" என்றார். ஒரு நாள் கேட்கும் அம்மாச்சி, செத்த மறுநாள் மட்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அப்பன்னா மறுநாள் அந்தக் கட்டிலைச் சுத்தி எல்லாரும் உக்காரணும். யாரும் வாயத் தொறக்கக்கூடாது. அழுகக்கூடாது, அழுதா சத்தத்துல கேக்காதுல்ல."

அதைத்தான் இந்த மூலையில் எழுதியிருக்கிறேன், பாருங்கள். மேலக்கூடலில் சாவு வீட்டில் முதல் அழுகை மறுநாள் நான்கு மணிக்குப் பிறகுதான். தாத்தா போனபோது அம்மாச்சி ஊரில் இல்லை.

சரி, அடுத்தது.

பல பேர் சேர்ந்து கற்பனை ஊர் கட்டுவது புதிது இல்லை. இங்கிலாந்தில் 1826-ல் ஓர் அப்பா தன் மகனுக்குப் பன்னிரண்டு மர பொம்மைச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். அந்தப் பொம்மைகளை வைத்து அந்த வீட்டுப் பிள்ளைகள் ஷார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் நான்கு பேரும் கண்ணாடி நகரம் என்று ஓர் ஊரையே கட்டினார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டிப் புத்தகங்களில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவுக்குப் பொடி எழுத்தில் அதன் கதைகளை எழுதினார்கள். அந்த மூன்று அக்கா தங்கைகளும் பின்னாளில் பெரிய நாவலாசிரியர்கள், பிரான்டி சகோதரிகள். எனக்குப் பிடித்த தகவல் என்னவென்றால், ஒரு கட்டத்தில் எமிலியும் ஆனும் பிரிந்துபோய்த் தங்களுக்கென்று தனியாக ஓர் உலகம் கட்டிக்கொண்டார்கள். இளையவர்கள் அல்லவா, பெரியவர்கள் சொல்கிறபடியே எத்தனை நாள் விளையாடுவது?

எங்கள் கூட்டமும் ஒரு தடவை பிரியப் பார்த்தது. காரணம் ரயில். குன்னூர்க்காரர் இருக்கிற இடத்தில் ரயில் இல்லாமல் இருக்குமா? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 208 வளைவு, கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத் தண்டவாளம், பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். அண்ணன் இதையெல்லாம் சொல்கிறபோது ஏதோ அவர் தாத்தா போட்ட தண்டவாளம் மாதிரி இருக்கும். கொடைக்கானலுக்கு ரயில் வரவே இல்லை, கொடை ரோடு ஸ்டேஷன் கீழே சமவெளியில் இருக்கிறது. அதனால் எனக்குப் பொறாமை என்று அவர் சொல்கிறார். எனக்குப் பயம். ரயில் வந்தால் கூட்டம் வரும், சீசனில் எங்கள் ஊர் படுகிற பாட்டைத்தான் தினமும் பார்க்கிறேனே. ஒரு வாரம் நானும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. டீ மட்டும் வந்தது, சர்க்கரை குறைவாக.

அழிக்கக்கூடாது என்பது சட்டம். அதனால் ரயிலை அழிக்க முடியாது, விலை வைக்கலாம். ரயில் சத்தம் எங்கெல்லாம் விழுகிறதோ அங்கே நேற்றைய குரல் கேட்காது என்று எழுதினேன். பழி வாங்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப பொய் சொல்றவன் பூராவும் தண்டவாளத்து ஓரமா மனை வாங்கிருவானே!" அப்படியே ஆயிற்று. தண்டவாளத் தெருவில் மனை விலை மூன்று மடங்கு. வட்டிக்கடை, தரகர் அலுவலகம், கல்யாணப் பேச்சு நடத்துகிற மண்டபம் எல்லாம் அங்கேதான். ஊரில் கதை நடக்கிற தெருவே இப்போது அதுதான்.

ஒரு தடவை ஒரு செயலியிடம் இந்த ஊரை விவரித்துப் படம் வரையச் சொன்னேன். கூரான கோபுரமும் அகழியும் வைத்து ஐரோப்பாக் கோட்டை ஒன்று வந்தது. ராஜா உச்சியில் இருந்தார். தம்பிக்கு மட்டும் சந்தோஷம். அதற்குப் பிறகு ஸ்கெட்ச் பேனாதான்.

இந்த வடக்குப் பக்கம் மட்டும் கலங்கலாக இருக்கிறதே, பார்த்தீர்களா? போன ஐப்பசியில் கூரை ஒழுகி இந்த சார்ட் நனைந்துவிட்டது. பூண்டு வயல், படிப்படியாக இறங்குகிற தெருக்கள், எல்லாம் கொடைக்கானல் பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறையைப் பார்த்து நான் வரைந்தது. மை இறங்கி ஒரே நீலச் சேறு. புதிதாக வரையலாம் என்று நான் சொன்னதற்கு அம்மாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "மண்ணு சரிஞ்சிருச்சுன்னு வையி" என்றார். மலைக்காரர்களுக்கு இது புரியும். அதனால் அது இப்போது மண்சரிவு. அங்கே இருந்த குடும்பங்கள் எங்கே போயின, யார் இடம் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். ராஜா கொடுக்கவில்லை. அது தம்பியின் முடிவு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் அழிக்கக்கூடாது.

வயதுக் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பூக்கும், இங்கே கடைசியாக 2018-ல் பூத்தது. மேலக்கூடலில் வயதைப் பூவில்தான் சொல்வார்கள். நான் இரண்டு பூ, அம்மாச்சி ஆறு பூ, தம்பி ஒரு பூ. அதுவும் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது. கடன் கொடுத்தால் தவணை அதிகபட்சம் அரைப் பூ. 2030-ல் அடுத்த பூ. அதற்குள் தெற்குப் பக்கத்தை முடித்துவிட வேண்டும் என்று மாமா கெடு வைத்திருக்கிறார். தெற்குப் பக்கம் இன்னும் வெள்ளைத் தாள்தான்.

மணி என்ன? நாலாகப் போகிறது. லென்ஸில் ஆவி படிய ஆரம்பித்துவிட்டது, துடைத்தாலும் நிற்கவில்லை. அதோ, தம்பி ஸ்கூல் பையோடு ஓடி வருகிறான். கையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனா, மூடியைக் கழற்றிவிட்டான். காலையிலேயே சொன்னான், தெற்குப் பக்கம் ஒரு யானை வேண்டுமாம், பறக்கிற யானை. அதற்கு என்ன விலை வைப்பது என்று நான் இன்னும் யோசிக்கவே இல்லை. டேய், இருடா, தொடாதே, வர்றேன்...