டிராகன் பால் ஃபைட்டர்ஸீ வாங்கலாமா? வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற சத்தம் தகரத்தில் விழுகிற மழை. ஹட்டன் பக்கம் ஜூன், ஜூலை என்றால் இப்படித்தான். மைக்கைக் கிட்ட வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, டிராகன் பால் ஃபைட்டர்ஸீ இப்ப வாங்கலாமா? பழைய கேமாச்சே?" டிராகன் பால் என்கிற ஜப்பான் கார்ட்டூன் ஆட்களை வைத்துச் செய்த சண்டை வீடியோ கேம் இது. பழசுதான். 2018 ஜனவரியில் வந்தது. செய்தவர்கள் ஜப்பானில் இருக்கிற ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ், வெளியிட்டது பண்டாய் நாம்கோ. மூன்று பேர் கொண்ட அணிக்கு எதிராக மூன்று பேர் கொண்ட அணி. நான் இரண்டு வருடமாக விளையாடுகிறேன், இன்னும் அலுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இதைப் பாருங்கள். இந்த இடத்தில் நிறுத்துகிறேன். கதாநாயகன் கோகுவின் மகன் கோஹானின் முடி, முகத்தில் விழுகிற நிழல், கை நீட்டியிருக்கிற விதம். யாரோ பேனாவால் வரைந்த படம் மாதிரி இருக்கிறது இல்லையா? வரைந்த படமில்லை, முழுக்க 3டி மாடல். அசைவை வழுவழுப்பாக ஓட விடாமல், கார்ட்டூனில் வருகிற மாதிரி ஒவ்வொரு நிலையையும் ஒரு கணம் பிடித்து நிறுத்தி, அடுத்ததற்குத் தாவ விடுகிறார்கள். அதனால்தான் ஓடும்போது நிஜ அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் மாதிரி தெரிகிறது. இப்போது செல் என்கிற வில்லன் நடத்திய 'செல் விளையாட்டு' மைதானத்தில் சின்ன கோஹானை வைத்து, கடைசி ஆளாக நிற்கிற அந்தச் செல்லைக் கனமான அடியில் முடிக்கிறேன். பாருங்கள்... அப்பாவும் மகனும் சேர்ந்து கையிலிருந்து விடுகிற ஒளிக்கதிர், கமேஹமேஹா! சின்ன வயதில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு இன்னமும் மயிர் கூச்செறிகிறது.

இரண்டாவது விஷயம், கை பழக அதிக நாள் எடுக்காது. பல சண்டை கேம்களில் ஒரு சக்தியை விடுவதற்கே விரல் வளைய வேண்டும். இதில் பெரும்பாலும் கீழிருந்து பக்கவாட்டுக்கு ஒரு கால் வட்டம், ஒரு பட்டன், அவ்வளவுதான். ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தாலும் ஒரு காம்போ, அதாவது தொடர் அடி, தானாக வரும். பள்ளி லீவுக்கு வந்த சித்தப்பா மகளுக்குப் பதினொரு வயது. காலையில் குளிரில் விரல் விறைத்துப் போயிருந்தது. பிளேன்டீ கோப்பையைப் பிடித்துச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் ஆண்ட்ராய்ட் 18 என்கிற பாத்திரத்தை வைத்து என் அணியில் இரண்டு பேரைக் காலி பண்ணிவிட்டாள்.

அப்புறம் டிராகன் பந்துகள். காம்போ நீளமாகப் போகப் போக ஒவ்வொரு பந்தாகச் சேரும். ஏழும் சேர்ந்த பிறகு சரியான காம்போவை முடிப்பவர் வரம் கொடுக்கிற டிராகனான ஷென்ரானை அழைத்து வரம் கேட்கலாம்: உயிரைக் கூட்டு, விழுந்தவனை எழுப்பு என்று நான்கு வரங்கள். பந்துகள் இரண்டு பேருக்கும் பொது. அன்றைக்கு ஐந்து பந்து நான் சேர்த்தது. முடித்து ஷென்ரானை அழைத்தது தங்கச்சி! அவள் அணியில் செத்த கிரிலின் எழுந்து வந்தான். அந்தக் காம்பரா அதிர்ந்த அதிர்வுக்குப் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஆச்சி வந்து எட்டிப் பார்த்தார்.

சரி, குறைகள். கதைப் பகுதியை நம்பி வாங்காதீர்கள். ஆண்ட்ராய்ட் 21 இந்த கேமுக்காகவே உருவாக்கிய பாத்திரம். வடிவமைப்பில் டிராகன் பாலை வரைந்த அகிரா தோரியாமாவின் பங்கும் உண்டு. அவளுடைய பசியும் குழப்பமும் நல்ல கரு. ஆனால் அதைப் பார்க்க நகலாக வருகிற அதே ஆட்களோடு திரும்பத் திரும்பச் சண்டை போட வேண்டும். மூன்று பாகம், மூன்றிலும் அதே வேலை. ஆட்களிலும் ஒரு குறை: பிறகு காசுக்கு விற்றவர்களையும் சேர்த்தால் கோகுவே ஐந்து விதமாக வருகிறான், அவனைப் போலவே இருக்கிற வில்லன் கோகு பிளாக் தனி. கைதேர்ந்தவரிடம் மூலையில் மாட்டினால், அடி முடிகிற வரைக்கும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டியதுதான். புதிதாக வருகிற பிள்ளைகள் அங்கேதான் மனம் விட்டுப் போகிறார்கள்.

ஆனால் நம்ம மலைநாட்டுக்குப் பெரிய குறை ஆன்லைன். இந்த கேம் வந்தபோது, எதிராளி அழுத்திய பட்டன் உங்கள் கன்சோலுக்கு வந்து சேரும் வரைக்கும் உங்கள் பட்டனையும் பிடித்து வைத்திருக்கும் முறைதான் இருந்தது. இன்டர்நெட் லைன் நல்லதென்றால் அந்தத் தாமதம் தெரியாது. இங்கே மழையும் பனிமூட்டமும் இறங்கினால் என் வீட்டில் சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்துவிடும். நான் தடுக்க அழுத்துகிறேன், எதிராளியின் வெஜிட்டா அடித்து முடித்த பிறகுதான் என் ஆளின் கை உயர்கிறது. தோற்றதை விட, சரியாக அழுத்தியும் தோற்றதுதான் வலிக்கும். ரோல்பேக் என்கிற முறையில் கேம் காத்திருக்காது. எதிராளி என்ன செய்வான் என்று ஊகித்து ஓட்டும், தப்பானால் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். இந்த கேமுக்கு அது 2024 பெப்ரவரியில்தான் வந்தது. அதுவும் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5), புதிய எக்ஸ்பாக்ஸ், பிசி மூன்றுக்கும் மட்டும்தான். பிஎஸ்4க்கு இல்லை. என்னிடம் இருப்பது பிஎஸ்4. ஆறு வருடம் காத்திருந்த ஆட்களை அப்படி விட்டுவிட்டுப் போனது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அதனால் தலவாக்கலைத் தம்பி, உங்களிடம் பிசியோ புதிய கன்சோலோ இருந்தால், தள்ளுபடியில் வரும்போது தயங்காமல் எடுங்கள். பிஎஸ்4 மட்டும்தான் என்றால், வீட்டில் கூட உட்கார ஒரு ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். அண்ணனோ தங்கச்சியோ பக்கத்துக் காம்பராப் பையனோ, யாராவது ஒருவர். இருந்தால் கேமோடு இரண்டாவது கன்ட்ரோலருக்கும் சேர்த்துக் காசு சேருங்கள். ஒரே சோபாவில் விளையாடும்போது லைன் தேவையில்லை, மழையும் ஒன்றும் செய்யாது. தனியாகத்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி இஸ்தோப்பிலிருந்து கூப்பிடுகிறாள். கரண்ட் இருக்கும்போதே இரண்டு ரவுண்டு போட வேண்டும். வருகிறேன் மக்களே.